பாடசாலை இசைக்கருவிகளும் பொதுப்பணமும் – ஒரு வரலாற்று நோக்கு

கல்வியின் வரலாற்றை எழுதப் புகுவோர் பாடவிதானத்தையும், ஆசிரியப் பயிற்சியையும், அரசின் கொள்கைகளையும் விரிவாக ஆராய்வது வழக்கம். வகுப்பறையிற் பயன்படும் பொருள்களைப் பற்றி அவர்கள் பேசுவது குறைவு. கரும்பலகை யாருடைய பணத்தில் வாங்கப்பட்டது, அது பழுதுபட்டபோது மாற்றித் தந்தவர் யார் என்னும் வினாக்கள் ஆராய்ச்சிக்குரியனவாகத் தோன்றுவதில்லை. பெரும்பாலான பாடங்களைப் பொறுத்தவரை இதனாற் பெரிய குறை நேர்வதுமில்லை. ஒரு கரும்பலகையை நாற்பது பிள்ளைகள் ஒருங்கே பயன்படுத்தலாம். ஒரு நூலை அண்ணன் படித்தபின் தம்பி படிக்கலாம்.

இசைக்கல்வியின் நிலை வேறு. வாத்திய இசையைக் கற்கும் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு கருவி இருத்தல் வேண்டும். அது விலையுயர்ந்தது, நுட்பமான உறுப்புக்களைக் கொண்டது, பயன்படுத்தப் பயன்படுத்தத் தேய்வது. வயலினின் தந்திகள் அறும். வில்லிற் கட்டிய குதிரைமயிர் உதிரும். கிளாரினெற்றின் துளைகளை மூடும் மெத்தைகள் கிழிந்து காற்றுக் கசியும். எக்காளத்தின் அடைப்பான்கள் இறுகும். பிள்ளையின் வளர்ச்சியும் ஒரு செலவாகும். கால் அளவு, அரை அளவு, முக்கால் அளவு எனச் சிறுவர்க்குரிய வயலின்கள் பலவாகலின், பிள்ளை வளருந்தோறும் கருவியை மாற்றவேண்டியுள்ளது. ஆகவே பாடசாலையில் வாத்திய இசையைத் தொடக்குவது ஒரு செலவு. அதனை இருபது ஆண்டுகளுக்கு நடத்துவது வேறொரு செலவு. முன்னையது விழாவுக்குரியது. பின்னையதோ கணக்குப் புத்தகத்தின் ஒரு மூலையில் எழுதப்படுவது. நெருக்கடி வந்தால் முதலில் வெட்டப்படுவதும் அதுவே.

பாடசாலை இசைக்கருவிகளுக்கான செலவைக் கடந்த நூற்றிருபது ஆண்டுகளில் மூன்று தரப்பினர் மாறிமாறி ஏற்றுள்ளனர். பெற்றோர் ஒரு தரப்பினர். வள்ளல்களும் வணிக நிறுவனங்களும் மற்றொரு தரப்பினர். வரிப்பணத்தைச் செலவிடும் அரசு மூன்றாவது தரப்பு. இங்கிலாந்திலும் ஐக்கிய அமெரிக்காவிலும் இம்மாற்றங்கள் தெளிவாகப் பதிவாகியுள்ளமையால் அவ்விரு நாடுகளையும் அடிப்படையாகக் கொண்டு இப்பொருளை நோக்கலாம்.

மெயிட்ஸ்ரன் இயக்கம்

இங்கிலாந்தில் 1870ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தொழிலாளர் வகுப்பினரின் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியின் வாயிலைத் திறந்தது. அப்பாடசாலைகளில் இசைக்கு இடமிருந்தது. ஆயின் அது குரலிசை மட்டுமே. யோன் கேர்வன் பரப்பிய எளிய சுரக்குறியீட்டு முறை, வாத்தியம் எதுவுமின்றி நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குப் பாடக் கற்பிக்க உதவிற்று. அரசும் பாடலுக்கு மானியம் வழங்கியது. பிள்ளையின் குரல் செலவின்றிக் கிடைத்தது. பழுதுபட்டால் மாற்றித்தரவேண்டிய கடப்பாடும் இருக்கவில்லை. வாத்திய இசையோ வீட்டிற் பியானோ வைத்திருந்த நடுத்தர வகுப்பினரின் உடைமையாக நின்றது.

இந்நிலையில் 1897ஆம் ஆண்டளவிற் கெந்து மாவட்டத்தின் மெயிட்ஸ்ரன் நகரிலுள்ள ஒரு திருச்சபைப் பாடசாலையில் வகுப்பு முறையில் வயலின் கற்பிக்கும் முயற்சி தொடங்கிற்று. இலண்டனில் இசைக்கருவி வணிகம் செய்த மேடொக் நிறுவனம் இதற்கு ஆதரவளித்தது. வயலின், வில், பெட்டி, பாடநூல் ஆகியவற்றை நிறுவனம் வழங்கும். பிள்ளைகள் வாரந்தோறும் சில பென்சுகளைத் தவணையாகச் செலுத்துவர். பாடசாலை நேரத்தின் பின் குழுவாகக் கற்பர். இத்திட்டம் விரைந்து பரவிற்று. ஆயிரக்கணக்கான பாடசாலைகளில் இலட்சக்கணக்கான பிள்ளைகள் இவ்வாறு வயலின் பயின்றனர். இலண்டனின் பெரு மண்டபங்களில் ஆயிரக்கணக்கான சிறுவர் ஒரே மேடையில் அமர்ந்து வாசித்த விழாக்கள் இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் நடைபெற்றன.

இவ்வளவு பெருந்தொகையான வயலின்கள் எங்கிருந்து வந்தன என்பது நோக்கற்பாலது. சேர்மனியின் சக்சனிப் பிரதேசத்து மார்க்நொயிகேர்சன் நகரையும் அதன் சுற்றூர்களையும் சார்ந்த குடிசைக் கைத்தொழில் மலிவான வயலின்களை உலகெங்கும் ஏற்றுமதி செய்துவந்தது. அங்கு ஒரு குடும்பம் வயலினின் கழுத்தை மட்டுமே செதுக்கும். மற்றொன்று உடற்பகுதியை ஆக்கும். இன்னொன்று வில்லைச் செய்யும். துண்டுக்கூலி பெற்ற இத்தொழிலாளரிடமிருந்து உறுப்புக்களைத் திரட்டிய வணிகர் அவற்றை முழுக் கருவிகளாக்கி விற்றனர். இத்தொழிற் பிரிவினையும் குறைந்த கூலியுமே வயலினின் விலையைத் தவணைக்குள் அடங்கச் செய்தன. ஆங்கிலத் தொழிலாளியின் பிள்ளை வாத்தியம் பெற்றதற்கும் சக்சனித் தொழிலாளியின் பிள்ளை இரவிற் கண்விழித்து வேலை செய்ததற்கும் தொடர்பு உண்டு.

மெயிட்ஸ்ரன் இயக்கத்தின் சிறப்பைக் குறைத்து மதிப்பிடுதல் பொருந்தாது. வகுப்பு முறையில் வாத்தியம் கற்பிக்கலாம் என்பதை முதன்முதலிற் பேரளவில் மெய்ப்பித்தது அதுவே. ஆயினும் அதன் அடிப்படை வாணிகமாகும். தவணை செலுத்தக்கூடிய குடும்பத்தின் பிள்ளையே கற்றது. கருவி குடும்பத்தின் உடைமையாதலால் அது உடைந்தால் திருத்துவதும், பிள்ளை வளர்ந்தபின் பெரியதை வாங்குவதும் குடும்பத்தின் பொறுப்பாயின. பாடசாலையிடம் கருவிகளின் சேமிப்பு எதுவும் உருவாகவில்லை. 1914இல் மூண்ட போர் சேர்மனிய இறக்குமதியை நிறுத்திற்று. கிராமபோனும் வானொலியும் வீடுகளுக்குள் நுழைந்தபின் இசையைக் கேட்பதற்கு வாசிக்கத் தெரிந்திருக்கவேண்டிய தேவையும் குறைந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அவ்வியக்கம் மறைந்தபோது பாடசாலைகளில் எஞ்சியது மிகச் சிறிதே.

பொஸ்ரனும் றொச்செஸ்ரரும்

மெயிட்ஸ்ரன் முறை அத்திலாந்திக்கைக் கடந்து அமெரிக்காவை அடைந்தது. கொலம்பியப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியைச் சேர்ந்த சாள்ஸ் பான்ஸ்வேர்த் இங்கிலாந்து சென்று அவ்வகுப்புக்களைக் கண்டு எழுதினார். பொஸ்ரன் நகரப் பாடசாலைகளின் இசை அதிகாரிகளுள் ஒருவரான அல்பேட் மிச்சல் 1910இல் இங்கிலாந்து சென்று அம்முறையைப் பயின்று, திரும்பியதும் பொஸ்ரனில் வயலின் வகுப்புக்களைத் தொடக்கினார். காலப்போக்கில் அவ்வகுப்புக்கள் பாடசாலை நேரத்துள் அமைக்கப்பட்டன. நேர அட்டவணையில் இடம்பெற்ற பாடம் அரசின் பொறுப்புக்கு ஓரடி நெருங்கி வந்தது எனலாம். கருவி மட்டும் இன்னும் பெற்றோரின் பொறுப்பாகவே இருந்தது.

அடுத்த மாற்றம் நியூயோர்க் மாநிலத்தின் றொச்செஸ்ரர் நகரில் நிகழ்ந்தது. அந்நகரம் கொடாக் நிறுவனத்தின் இருப்பிடம். அதன் அதிபரான யோர்ச் ஈஸ்ற்மன் 1910களின் இறுதியிற் பெருந்தொகையான இசைக்கருவிகளை வாங்கி நகரப் பாடசாலைகளின் பயன்பாட்டுக்கு அளித்தார். அங்கு வாத்திய இசையின் மேற்பார்வையாளராகப் பணியாற்றியவர் யோசப் மடி. பின்னர் 1928இல் இன்ரர்லொக்கன் என்னுமிடத்தில் தேசியப் பாடசாலை வாத்தியக்குழு முகாமை நிறுவியவரும் அவரே. றொச்செஸ்ரரிற் கருவி பிள்ளையின் உடைமையாகாது பாடசாலைக்குரியதாயிற்று. தவணை செலுத்தவியலாத வீட்டுப் பிள்ளையும் கருவியை இரவல் பெற்று வீட்டுக்குக் கொண்டுசென்று பயிலலாம் என்னும் நிலை ஏற்பட்டது. இன்று அமெரிக்கப் பாடசாலைகள் பலவற்றிற் காணப்படும் இரவல் முறைக்கு இத்தகைய முயற்சிகளே முன்னோடிகளாயின.

ஆயின் வள்ளன்மை ஒருவரின் விருப்பத்திற் பிறப்பது. அவ்வள்ளல் வாழ்ந்த நகரத்துக்கே அது பயனளித்தது. அத்தகைய செல்வர் இல்லாத சிற்றூர்களும் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புக்களும் அதனாற் பயனடையவில்லை.

உற்பத்தியாளரும் பாடசாலைச் சந்தையும்

1920களில் அமெரிக்கப் பாடசாலைகளிற் காற்றிசைக் கருவிக் குழுக்கள் பெருகியமைக்குக் கல்விக் கொள்கை மட்டும் காரணமன்று. இந்தியானா மாநிலத்தின் எல்கார்ட் நகரம் இக்கருவிகளின் உற்பத்தி மையமாக விளங்கிற்று. கொன் நிறுவனம் அங்கிருந்தே நாடெங்கும் கருவிகளை விற்றது. நகரங்கள் தோறும் இருந்த தொழிலாளர் வாத்தியக் குழுக்களும், சேர்க்கஸ் குழுக்களும், மௌனப்படம் காட்டிய திரையரங்குகளின் வாத்தியக்காரரும் அதன் வாடிக்கையாளராயிருந்தனர். மோட்டார் வாகனமும் வானொலியும் ஊர்க் குழுக்களை நலிவித்தன. 1927இற் பேசும்படம் வந்தபின் திரையரங்கு வாத்தியக்காரர் ஆயிரக்கணக்கில் வேலையிழந்தனர். உற்பத்தியாளருக்குப் புதிய சந்தை தேவைப்பட்டது; பாடசாலை அச்சந்தையாயிற்று.

1923இற் சிக்காக்கோவில் நடைபெற்ற முதலாவது தேசியப் பாடசாலை வாத்தியக்குழுப் போட்டிக்கு ஆதரவளித்தோர் கருவி உற்பத்தியாளரே. போட்டியில் வெல்வது ஊரின் மானப் பிரச்சினையாகியது. பெற்றோர் சங்கங்களும் வணிகரும் பணம் திரட்டினர். கல்விச் சபைகள் வரிப்பணத்திலிருந்து பெரிய கருவிகளை வாங்கத் தலைப்பட்டன. கிளாரினெற், எக்காளம் முதலிய சிறு கருவிகளைப் பெற்றோர் வாங்குவது. சூசபோன், பெருமுரசு, ரிம்பனி போன்ற பெருங்கருவிகளைப் பாடசாலை வாங்குவது என்னும் பங்கீடு நிலைபெற்றது. வணிகரின் நலமும் ஊரின் பெருமிதமும் பிள்ளைகளின் கல்வியும் ஒரு காலகட்டத்தில் ஒன்றிணைந்தமையால் நேர்ந்த வளர்ச்சி இதுவாகும். ஆயின் அவை பிரியும் நாளில் யாது நிகழும் என்பதை எவரும் சிந்தித்ததாகத் தெரியவில்லை.

போர்க்காலம் இதற்கு ஒரு முன்னறிகுறியைக் காட்டியது. 1942இல் அமெரிக்க யுத்த உற்பத்திச் சபை உலோகத்தைச் சேமிக்கும் பொருட்டுப் பெரும்பாலான இசைக்கருவிகளின் உற்பத்தியை நிறுத்திற்று. கருவித் தொழிற்சாலைகள் வானூர்திகளுக்கும் கப்பல்களுக்கும் வேண்டிய நுண்கருவிகளை ஆக்கின. புதிய கருவி வாங்கவியலாத அவ்வாண்டுகளில் இருப்பவற்றைத் திருத்திக் காப்பதே ஒரேவழியாயிற்று. பாடசாலைக் கருவிகளின் ஆயுள் அவற்றைத் திருத்தும் கைவினைஞரின் கையிலுள்ளது என்னும் உண்மை அப்போது புலப்பட்டது. போர் முடிந்து உற்பத்தி மீண்டதும் அது பெரும்பாலும் மறக்கப்பட்டது.

வரிக் கிளர்ச்சியும் அதன் விளைவும்

1950களும் 1960களும் பாடசாலை இசைக்கு வளமான காலம். பிள்ளைகளின் தொகை பெருகிற்று, பொருளாதாரம் வளர்ந்தது. 1965ஆம் ஆண்டின் தொடக்க, இடைநிலைக் கல்விச் சட்டம் வறிய பகுதிப் பாடசாலைகளுக்கு மத்திய அரசின் நிதியை வழங்கியபோது அந்நிதியின் ஒரு பகுதி இசைக்கருவிகளை வாங்கவும் பயன்பட்டது. நகர்ப்புறப் பாடசாலைகளின் களஞ்சியங்கள் நிரம்பின. ஆயினும் இவ்வாறு வாங்கிய கருவிகளை இருபது ஆண்டுகளின் பின் எந்நிதியைக் கொண்டு மாற்றுவது என்பது திட்டமிடப்படவில்லை. மூலதனச் செலவு செய்யப்பட்டது. அதனோடு தவிர்க்கவியலாது தொடரும் மீண்டெழும் செலவுக்கு இடம் ஒதுக்கப்படவில்லை.

1970களின் நெருக்கடி இக்குறையை வெளிப்படுத்திற்று. 1975இல் நியூயோர்க் நகராட்சி கடனைத் திருப்பிச் செலுத்தவியலாத நிலையை எய்தியபோது ஆயிரக்கணக்கான ஆசிரியர் வேலைநீக்கம் செய்யப்பட்டனர். சித்திரமும் இசையும் பெரிதும் பாதிக்கப்பட்டன. கலிபோர்ணியாவில் 1978 யூன் 6ஆம் திகதி நடைபெற்ற வாக்கெடுப்பிற் பதின்மூன்றாம் பிரேரணை நிறைவேறியது. அது ஆதனவரியைச் சொத்தின் மதிப்பில் நூற்றுக்கு 1 வீதமாக வரையறுத்தது; மதிப்பின் ஆண்டு உயர்வையும் நூற்றுக்கு 2 வீதத்துக்கு மேற்படாது தடுத்தது. ஆதனவரி வருவாய் ஓராண்டிற் பாதிக்கு மேல் வீழ்ந்தது. பாடசாலைகளின் முதன்மை வருவாய் அதுவாதலின், கல்விச் சபைகள் எதைக் கைவிடுவது என்று ஆராயத் தொடங்கின. வாசிப்பையும் கணிதத்தையும் கைவிடவியலாது. கட்டிடத்தின் மின்கட்டணத்தை நிறுத்தவியலாது. தொடக்கப் பாடசாலைகளின் இசையாசிரியர் பதவிகளும் கருவிகளைத் திருத்துவதற்கான ஒதுக்கீடுகளும் இல்லாதொழிந்தன.

இத்தகைய வெட்டின் தன்மை உற்றுநோக்கத்தக்கது. ஆசிரியரை நீக்கினால் அன்றே குரலெழும். கருவியின் திருத்தச் செலவை நிறுத்தினால் அவ்வாண்டில் எவருக்கும் தெரியாது. இரண்டாம் ஆண்டிற் சில கருவிகள் அலமாரிக்குட் செல்லும். ஐந்தாம் ஆண்டில் இரு பிள்ளைகள் ஒரு கருவியைப் பகிர்வர். பத்தாம் ஆண்டில் வகுப்பே சுருங்கும். அப்போது மாணாக்கர் ஆர்வம் காட்டவில்லை என்று அறிக்கை எழுதப்படும். காரணமும் விளைவும் காலத்தாற் பிரிக்கப்பட்டமையால் பொறுப்புக் கூறவேண்டியவர் மறைந்துவிடுவர்.

ஹாட்செல் வழக்கு

பதின்மூன்றாம் பிரேரணையின் பின் கலிபோர்ணியாவின் கல்விச் சபைகள் பல, மாணாக்கரிடமிருந்து கட்டணம் பெறலாயின. சாந்தா பார்பராவின் உயர்பாடசாலை மாவட்டம் 1980இல் வரவு செலவுத் திட்டத்தில் ஏறத்தாழ 11 இலட்சம் டொலரைக் குறைக்க நேர்ந்தபோது, விளையாட்டுக் குழுக்களுக்கும் நாடகம், குரலிசை, வாத்திய இசை முதலிய குழுக்களுக்கும் தலைக்கு 25 டொலர் அறவிட்டது. வறிய பிள்ளைகள் விண்ணப்பித்தால் விலக்களிக்கும் ஏற்பாடும் இருந்தது. இதனை எதிர்த்து ஒரு பெற்றோர் தொடுத்ததே ஹாட்செல் எதிர் கொனல் என்னும் வழக்கு. விசாரணை நீதிமன்றம் மாவட்டத்தின் பக்கம் தீர்த்தது. மாநில உயர் நீதிமன்றம் 1984இல் அத்தீர்ப்பை மாற்றிற்று.

வழக்கின் மையம் 1879ஆம் ஆண்டு முதல் மாநில அரசியலமைப்பிலுள்ள இலவசப் பாடசாலை உறுதிமொழியாகும். பாடத்திட்டத்துக்குப் புறம்பான செயல்களுக்கு அவ்வுறுதிமொழி பொருந்தாது என மாவட்டம் வாதித்தது. கல்வித் தன்மை வாய்ந்த செயல்கள் யாவும் அவ்வுறுதிமொழிக்குள் அடங்கும் என்பது பிரதம நீதியரசர் றோஸ் பேட் எழுதிய முதன்மைத் தீர்ப்பின் முடிவு. நிதி நெருக்கடி அரசியலமைப்பை மீறுவதற்கு நியாயமாகாது எனவும், வறியோருக்கு அளிக்கும் விலக்குக் குறையை நீக்காது எனவும் அது கூறிற்று. இவ்விரண்டாவது கருத்து ஆழமானது. தான் வறியவன் என்று எழுதிக் கையொப்பமிட்ட பின்னரே வாத்தியக்குழுவிற் சேரலாம் எனின், அப்பிள்ளை உரிமையுள்ள மாணாக்கனாகச் சேரவில்லை, இரப்பவனாகவே சேருகின்றான்.

தீர்ப்பு வந்தபின்னும் கட்டணங்கள் முற்றாக மறையவில்லை. நன்கொடை, வைப்புப்பணம், வாடகை என்னும் பெயர்களில் அவை தொடர்ந்தன. 2010இற் குடியியல் உரிமைச் சங்கமொன்று மாநில அரசின்மீது வழக்குத் தொடர, 2012இற் சட்டமன்றம் மாணாக்கர் கட்டணத்தைத் தடுக்கும் சட்டத்தை இயற்றியது. மாணாக்கரிடம் அறவிடப்படாத பொருள்களின் பட்டியலில் நூல், பூட்டு, வகுப்புச் சாதனம் ஆகியவற்றோடு இசைக்கருவியும் பெயர் சுட்டிக் கூறப்பட்டது. வாத்தியம் நூலுக்குச் சமமான கல்விச் சாதனம் என்பது இவ்வாறு சட்டத்தில் இடம்பெற்றது.

ஆயின் சட்டம் ஒரு வழியை அடைத்ததேயன்றி மற்றொரு வழியைத் திறக்கவில்லை. பெற்றோரிடம் வாங்கலாகாது என்றது. அப்பணம் எங்கிருந்து வரும் என்று கூறவில்லை. உரிமை இருந்தும் கருவியில்லாத நிலை பல பாடசாலைகளில் நீடித்தது.

இங்கிலாந்து எதிர்த்திசையிற் சென்றமை ஒப்புநோக்கத்தக்கது. 1944இன் பின் உள்ளூராட்சிக் கல்வி அதிகாரசபைகள் கருவிகளை இரவல் கொடுக்கும் சேவைகளை வளர்த்திருந்தன. 1988ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தச் சட்டம் பாடசாலை நேரக் கல்விக்குக் கட்டணம் அறவிடுவதைப் பொதுவாகத் தடுத்தபோதும், தனியாகவோ சிறு குழுவாகவோ வாத்தியம் பயில்வதற்கு மட்டும் விதிவிலக்களித்தது. ஏனைய பாடங்களெல்லாம் இலவசமாயிருக்க வாத்தியம் விலைக்குரியதாயிற்று. ஸ்கொத்லாந்து 2021இலேயே பாடசாலை வாத்தியப் பயிற்சிக்கான கட்டணங்களை நீக்கியது. இங்கிலாந்தில் 2022ஆம் ஆண்டின் தேசிய இசைக்கல்வித் திட்டம் கருவிகளுக்கும் சாதனங்களுக்குமென 250 இலட்சம் பவுணை ஒதுக்கிற்று. அதுவும் மூலதன ஒதுக்கீடே.

கொடையாளரின் மீள்வருகை

அரசு பின்வாங்கிய இடத்தில் வள்ளன்மை மீண்டும் புகுந்தது. நியூயோர்க்கின் கிழக்கு ஹார்லத்தில் றொபேட்டா குவஸ்பாறி என்னும் ஆசிரியை தம்மிடமிருந்த 50 வயலின்களைக் கொண்டு 1980களின் தொடக்கத்தில் வகுப்பு நடத்திவந்தார். 1991இல் அவருடைய பதவிக்குரிய நிதி நிறுத்தப்பட்டது. பெற்றோரும் நண்பரும் நிதியம் ஒன்றை நிறுவினர். 1993இற் காணகி மண்டபத்தில் ஐசாக் ஸ்ரேண், இற்சாக் பேள்மன் முதலிய பெருங்கலைஞர் மாணாக்கரோடு சேர்ந்து வாசித்து நிதி திரட்டினர். இக்கதை பின்னர் திரைப்படமாயிற்று. 1996இலும் 1997இலும் பாடசாலைகளுக்குக் கருவி வழங்கும் இரு பெரிய அறநிலையங்கள் தோன்றின. ஒன்றைத் திரையிசையமைப்பாளர் மைக்கல் கேமனும் மற்றொன்றைத் தொலைக்காட்சி நிறுவனமொன்றும் தொடக்கினர்.

இவற்றாற் பயன்பெற்ற பிள்ளைகள் பலர் என்பதில் ஐயமில்லை. தொலைக்காட்சி நிறுவனத்தின் அறநிலையம், கருவியைப் பெறும் கல்விச் சபை இசையாசிரியரின் சம்பளத்தைத் தானே ஏற்கவேண்டும் என நிபந்தனை விதித்தது. கொடையைக் கொண்டு அரசைத் தன் பொறுப்புக்கு மீளச் செய்யும் முயற்சி அது. எனினும் வள்ளன்மையின் பழைய குறை நீங்கவில்லை. நிதியம் தேடிவராத பாடசாலை வெறுங்கையோடு நின்றது. மேலும், கொடையாளர் விரும்புவது புதிய கருவியை வழங்குவதையே. பழைய கிளாரினெற்றின் மெத்தையை மாற்றுவதற்குப் பணம் தருவோர் அரியர்.

பிலடெல்பியாவும் லொஸ் ஏஞ்சல்சும்

புறக்கணிக்கப்பட்ட திருத்தச் செலவின் திரண்ட வடிவத்தைப் பிலடெல்பியா நகரம் கண்முன் காட்டிற்று. 2013இல் அந்நகரக் கல்வி மாவட்டம் கடும் நிதி நெருக்கடியில் ஆழ்ந்து, இருபதுக்கு மேற்பட்ட பாடசாலைகளை மூடி, ஆயிரக்கணக்கான ஊழியரை நீக்கியது. பின்னர் ரெம்பிள் பல்கலைக்கழகத்தின் கலைக்கூட இயக்குநர் றொபேட் பிளாக்சன், மாவட்டப் பாடசாலைகளிற் பயன்படாது கிடந்த உடைந்த கருவிகளைத் திரட்டும் முயற்சியை மேற்கொண்டார். அவற்றின் தொகை ஆயிரத்துக்கு மேற்பட்டது. அவை அழிக்கப்படவுமில்லை, திருத்தப்படவுமில்லை, பதிவேட்டில் உள்ளனவாகவும் பிள்ளைகளுக்கு இல்லாதனவாகவும் கிடந்தன.

இசையமைப்பாளர் டேவிட் லாங் அவ்வுடைந்த கருவிகளுக்கென்றே ஓர் இசைப்படைப்பை எழுதினார். 2017 திசம்பரில் அந்நகரின் பழைய படைக்கலக் கூடமொன்றில், மாணாக்கரும் பொழுதுபோக்குக் கலைஞரும் தொழின்முறைக் கலைஞருமாக ஏறத்தாழ 400 பேர் அதனை வாசித்தனர். தந்தியறுந்த வயலினின் உரசலும் அடைப்பான் இறுகிய எக்காளத்தின் மூச்சொலியுமே அங்கு இசையாயின. பொதுமக்கள் கருவிகளைத் தத்தெடுத்துத் திருத்தச் செலவை அளித்தனர். திருத்தப்பட்ட கருவிகள் பாடசாலைகளுக்கு மீண்டன. திருத்தச் செலவு என்னும் கவர்ச்சியற்ற பொருளுக்கு ஒரு நகரத்தின் கவனத்தைத் திருப்பியமை இம்முயற்சியின் தனிச்சிறப்பு. ஆயின் ஒருமுறை நிகழ்ந்த அற்புதம் ஆண்டுதோறும் வரும் ஒதுக்கீடாகாது. திருத்தப்பட்ட கருவியும் மீண்டும் பழுதுபடும்.

இதற்கு மாறானது லொஸ் ஏஞ்சல்சின் அனுபவம். அந்நகரக் கல்வி மாவட்டம் 1959 முதல் மாணாக்கரின் கருவிகளைக் கட்டணமின்றித் திருத்தும் பட்டறையைத் தன் சொந்த ஊழியரைக் கொண்டு நடத்திவந்தது. ஏறத்தாழ 80,000 கருவிகள் அதன் பராமரிப்பில் இருந்தன. பெரிய நகரங்களில் இத்தகைய பட்டறைகள் அருகிவிட்டமையால், 2024இற் சிறந்த குறு ஆவணப்படத்துக்கான ஒஸ்கார் விருதைப் பெற்ற படத்திற்கு அதுவே பொருளாயிற்று. பதின்மூன்றாம் பிரேரணையையும் அதன் பின்வந்த நெருக்கடிகளையும் அப்பட்டறை தாண்டி நின்றமைக்கு அதன் அமைப்பே காரணம் எனலாம். அது கொடையாக வந்ததன்று. மாவட்ட நிர்வாகத்தின் நிலையான உறுப்பாகவும், சம்பளம் பெறும் கைவினைஞரின் பணியிடமாகவும் இருந்தது. ஆயினும் விருதின் பின் அதன் எதிர்காலத்துக்கெனப் பொதுமக்களிடம் நிதி திரட்ட நேர்ந்தமை, நிலையானது எனக் கருதப்பட்ட அமைப்புக்கூட முழுப் பாதுகாப்புடையதன்று என்பதை உணர்த்துகின்றது.

கலிபோர்ணிய மக்கள் 2022 நவம்பரில் இருபத்தெட்டாம் பிரேரணையை நிறைவேற்றினர். பாடசாலைகளுக்கான அரச நிதியின் நூற்றுக்கு 1 வீதத்துக்குச் சமமான தொகை, ஏறத்தாழ 100 கோடி டொலர், ஆண்டுதோறும் கலைக்கும் இசைக்கும் மேலதிகமாக வழங்கப்பட வேண்டும் என்பது அதன் விதி. வறிய மாணாக்கரின் தொகையும் பங்கீட்டிற் கருதப்படும். பெரிய மாவட்டங்கள் அதில் நூற்றுக்கு 80 வீதத்தை ஆசிரியர்க்கும் ஊழியர்க்கும் செலவிடவேண்டும். எஞ்சியதிற் பெரும்பகுதி பயிற்சிக்கும் பொருள்களுக்கும் உரியது. 1978இல் வாக்குச் சீட்டால் இழந்ததில் ஒரு பகுதியை நாற்பத்துநான்கு ஆண்டுகளின் பின் வாக்குச் சீட்டாலேயே மக்கள் மீட்டனர்.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்துச் சில உண்மைகள் தெளிவாகின்றன. மெயிட்ஸ்ரனிற் கருவி பிள்ளையின் உடைமையாயிற்று. ஆனால் வாங்கவியலாதோர் விலக்கப்பட்டனர். றொச்செஸ்ரரில் அது பாடசாலையின் உடைமையாயிற்று. ஆனால் வள்ளலின் ஊரோடு நின்றது. 1960களில் அது பொதுப்பணத்தில் வாங்கப்பட்டது. ஆனால் அதன் பெறுமானத் தேய்வைக் கணக்கிட்டோர் இலர். சாந்தா பார்பராவின் வழக்கு வாத்தியக் கல்வியை உரிமையாக்கிற்று. ஆனால் நிதியை உருவாக்கவில்லை. ஒவ்வொரு கட்டமும் தனக்கு முந்தியதன் ஒரு குறையைத் தீர்த்து மற்றொன்றை விட்டுச்சென்றது.

இக்கட்டங்கள் அனைத்திலும் தீர்க்கப்படாது நின்ற பிரச்சினை ஒன்றே. கருவியை வாங்குவதற்குப் பணம் தேடிய சமூகங்கள் அதனை மாற்றுவதற்கும் திருத்துவதற்கும் நிலையான வழியைத் தேடவில்லை. ஆண்டுதோறும் கருவிகளின் ஒரு பங்கை மாற்றுவதற்கு வேண்டிய தொகையையும், அவற்றைத் திருத்தும் கைவினைஞரின் சம்பளத்தையும், நூலக நூல்களுக்கும் ஆய்வுகூடப் பொருள்களுக்கும் ஒதுக்குவது போன்று மீண்டெழும் செலவிற் சேர்க்காதவரை இலவசக் கல்வியின் இசை வகுப்பு ஒரு தலைமுறைக்குமேல் நிலைத்தல் அரிது. நிதி வற்றும்போது வசதியுடைய வீட்டின் பிள்ளை தனியாரிடம் சென்று பயிலும். பாடசாலையின் அலமாரியிலிருந்த கருவி ஒன்றையே நம்பிய பிள்ளைக்கு வேறிடமில்லை. எனவே இசைக்கல்வியின் வரலாற்றை ஆராய்வோர் அரங்கேற்றங்களின் பட்டியலோடு திருத்தப் பட்டறையின் பேரேட்டையும் வாசித்தல் வேண்டும். ஒரு சமூகம் யாருடைய பிள்ளைகளுக்காக இசையை வளர்த்தது என்பதற்கான சான்றுகள் அப்பேரேட்டிலேயே மிகுதியாக உள்ளன.